கலர் லைட்டும் ஒரு கடன் மனுவும்

கோப்பு திரும்பி வந்துவிட்டது. மேலே மண்டல அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மனுதாரர் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தின் உரிமையாளர் யார்? உரிம ஒப்பந்தம் இணைக்கப்படவில்லை. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தேவை."

இருபது வருஷமாக வங்கியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு உரிமையாளர் யார் என்று கேளுங்கள், வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. ஒரு எல்.இ.டி. ஸ்ட்ரிப் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மெதுவாக மாறுகிறதே, அந்த மாற்றத்துக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் பி.காம். படித்தவன் எங்கே போவது?

இது 2023 செப்டம்பர் மாதக் கதை. அப்போது எனக்கு ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிளை. வீடு மட்டும் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். (கறிவேப்பிலையும் ஃபில்டர் காபிப் பொடியும் கிடைக்கும் இடத்தை விட்டுத் தங்கமணி நகர மாட்டார்.) தினமும் ஹவுரா போய், அங்கிருந்து பேண்டல் லோக்கல். மனுதாரர் சந்தன்நகர்ப் பையன், முப்பது வயது இருக்கலாம். முத்ரா திட்டத்தில் 8 லட்சம் கேட்டிருந்தார்.

சந்தன்நகர் என்றால் நம்மவர்களுக்கு உடனே தெரியாது. புதுச்சேரிக்குப் பங்காளி ஊர் என்றால் புரியும். இரண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவை. ஆனந்தரங்கம் பிள்ளை டைரியில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற துப்ளே, புதுச்சேரிக்கு வரும் முன் பத்து வருஷம் கோலோச்சியது இங்கேதான். 1950-ல் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது, 1954-ல் மேற்கு வங்காளத்தில் இணைந்தது. இன்றைக்கு அந்த ஊர் பெயரைச் சொன்னால் எந்த வங்காளியும் துப்ளேயை நினைப்பதில்லை. லைட்டைத்தான் நினைப்பார். துர்கா பூஜை முடிந்து ஒரு மாதத்தில் ஜகத்தாத்ரி பூஜை வரும். லாரி லாரியாக மின்விளக்குப் பலகைகள் ஊர்வலம் போகும். மயில் தோகை விரிக்கும், புலி பாயும், ரயில் ஓடும், எல்லாம் வெறும் பல்பு. கொல்கத்தாவின் பெரிய பந்தல்களுக்கும் இங்கிருந்துதான் லைட் போகிறது. இந்தக் கலையைத் தொடங்கியவர் யார் என்றால் ஸ்ரீதர் தாஸ் என்ற பெயரைத்தான் ஊர்க்காரர்கள் முதலில் சொல்வார்கள்.

கள ஆய்வுக்குப் போனபோது மனுதாரரின் அப்பா பரணிலிருந்து ஒரு சாமானை இறக்கிக் காட்டினார். மர உருளை. அதன் மேல் செப்புத் தகடு துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மோட்டார், உருளையைத் தொட்டுக்கொண்டு வரிசையாகக் கம்பிகள். உருளை சுற்றும்போது கம்பிக்கு அடியில் தகடு வந்தால் அந்த வரிசை பல்பு எரியும், மரம் வந்தால் அணையும். அவ்வளவுதான் இயந்திரம். மயில் தோகை விரிய எத்தனை தகடு, எங்கே வெட்டுவது, எவ்வளவு நீளம் வெட்டுவது, அதுதான் வித்தை. இன்றைய பாஷையில் அந்தத் தகடுதான் புரோகிராம்.

எனக்கு கொசுவர்த்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா சீரியல் செட் நினைவுக்கு வந்தது. மூங்கில் சட்டத்தில் அம்மன் உருவம் கலர் கலராக ஓடும். எல்லோரும் முன்னால் நின்று அம்மனைப் பார்ப்பார்கள். நானும் இன்னும் இரண்டு உருப்படாததுகளும் பின்னால் போய், கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ரோலரைப் பார்ப்போம். தகட்டில் பட்டுப் பட்டு நீலப் பொறி பறக்கும். ஒருநாள் ஆர்வக் கோளாறில் கையை வைத்து, ஷாக் அடித்து, செட்டுக்காரரிடம் முதுகிலும் வாங்கினேன்.

"உங்கள் டிசைனை அடுத்தவர் பார்த்துச் செய்துவிட மாட்டார்களா, காக்கு?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"செய்வார்கள். அடுத்த வருஷமே பக்கத்துத் தெருவில் அதே மயில் ஆடும். அதற்குள் நாங்கள் வேறு செய்திருப்போம்" என்றார். கவலையே இல்லை.

பையனுடைய பட்டறையில் ரோலர் இல்லை. மேஜை மேல் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய நீல போர்டு ஒன்று, ஒரு லேப்டாப், சுருள் சுருளாக ஸ்ட்ரிப். ஊரில் பலரும் சீனாவிலிருந்து வரும் ரெடிமேட் கன்ட்ரோலரை வாங்கி, எஸ்.டி. கார்டில் டிசைனை ஏற்றி ஓட்டுகிறார்களாம். இவர் தானே கன்ட்ரோலர் செய்து மற்றவர்களுக்கும் விற்க வேண்டும் என்று நினைக்கிறார். "கெட்டால் திறந்து பார்க்கலாம், ஸ்யார். ரெடிமேட் பெட்டி கெட்டால் தூக்கித்தான் போட வேண்டும்." தொழில்நுட்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எல்லாம் ஓபன் சோர்ஸ், ஸ்யார். யாருடையதும் இல்லை, எல்லோருடையதும்."

நானும் அசட்டுத்தனமாக அதை அப்படியே குறிப்பில் எழுதி அனுப்பிவிட்டேன். யாருடையதும் இல்லை என்றால் எந்த வங்கிக்காரனுக்குத்தான் வயிற்றைக் கலக்காது? அதுதான் திரும்பி வந்தது.

ஒரு சொத்தைப் பற்றி எழுதும் முன் அதை நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேனேஜர் சொல்லித்தந்த பாடம். அந்த சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சாந்தினி மார்க்கெட் போனேன். ஒன்பதாம் வகுப்பு. தமிழை வங்காளி போலப் பேசுவாள், ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் என்னைவிடக் கெட்டி. 12 வோல்ட் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர், ஒரு சப்ளை, ஒரு ஆர்டுயினோ மாதிரி போர்டு, மூன்று மாஸ்ஃபெட், கொஞ்சம் ஒயர். "பேங்க் ஆபீசர் பட்டாசு வெடிக்கிற வயசுல பல்பு எரிக்கிறார்" என்று தங்கமணி ஆசீர்வாதம் செய்தார்.

செய்வது என்னவோ எளிமைதான். ஸ்ட்ரிப்பில் நான்கு ஒயர். ஒன்று 12 வோல்ட். மற்ற மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு. போர்டின் ஒரு கால் 20 மில்லி ஆம்பியர் தரும், ரொம்ப நெருக்கினால் 40. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் 6 ஆம்பியர் வரை இழுக்கும். பியூனிடம் பெட்டகத்தைத் தூக்கச் சொல்ல முடியாது, சாவியைத் திருப்பத்தான் சொல்ல முடியும். அந்தப் பெட்டகக் கதவுதான் மாஸ்ஃபெட். போர்டு அதற்கு ஜாடை காட்டினால் போதும், பெரிய கரண்ட் அதன் வழியாகப் போகும்.

எங்கள் கதவு பாதிதான் திறந்தது. விளக்கு மங்கல், மாஸ்ஃபெட்டோ தோசைக்கல். ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு மகள்தான் கண்டுபிடித்தாள். நாங்கள் கேட்டது ஐ.ஆர்.எல்.இசட்.44. கடைக்காரர் "சேம் ஜினிஸ்" என்று கொடுத்தது ஐ.ஆர்.எஃப்.இசட்.44. முதலாவது போர்டின் 5 வோல்ட்டுக்கே முழுதாகத் திறக்கும். இரண்டாவது முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். ஒரே ஒரு எழுத்து. பாஸ்புக்கில் இனிஷியல் மாறியதற்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேற்பறைச் சுவர் ஊதாவாகி, மெல்ல ரோஜாவாகி, பிறகு ஆரஞ்சானது. சரி, இதற்கு யார் யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு எழுத ஆரம்பித்தேன்.

முதலில் அந்த நீலம். சிவப்பு எல்.இ.டி.யும் பச்சையும் எப்போதோ வந்துவிட்டன. பளிச்சென்ற நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளையும் இல்லை, ஊதாவும் இல்லை. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் வேலை செய்த ஷூஜி நகமுரா அதைச் சாதித்தார். கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். நம் கிளையில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது போல. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2004-ல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடு என்றது. மேல்முறையீட்டில் 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. 2014-ல் அகஸாகி, அமானோ இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல். இந்தக் கணக்கு பைசலாகிவிட்டது. ஒவ்வொரு விளக்கின் விலையிலும் அதன் பங்கு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

அடுத்தது நிறம் மாறும் விதம். எல்.இ.டி.யை மங்கலாக்க வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள். எங்கள் போர்டு விநாடிக்கு சுமார் 490 தடவை அப்படிச் செய்கிறது. எரியும் நேரம் கூடினால் கண்ணுக்குப் பிரகாசம், குறைந்தால் மங்கல். சிவப்புக்கு 256 படி, பச்சைக்கு 256, நீலத்துக்கு 256. பெருக்கினால் 1,67,77,216 நிறம். கேட்டவுடன் இது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை என்றுதான் நினைத்தேன். இங்கேதான் மண்டல அலுவலகத்துப் புண்ணியவான் மேல் எனக்கு மரியாதை வந்தது. அவர் கேட்டது சும்மா இல்லை.

அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜார்ஜ் முல்லர், இஹோர் லிஸ் என்ற இருவர் 1997-ல் பாஸ்டனில் கலர் கைனடிக்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நுண்செயலி ஒன்று இப்படிச் சுவிட்சைப் போட்டு அணைத்து, பல நிற எல்.இ.டி.களைக் கலந்து வேண்டிய நிறம் தருவது. 2000 ஜனவரியில் 6,016,038 என்ற எண்ணில் அது கிடைத்தது. சும்மா சட்டம் போட்டு மாட்டி வைப்பதற்காக வாங்கவில்லை. சூப்பர் விஷன் என்ற போட்டிக் கம்பெனியோடு வழக்காடி ஜெயித்தார்கள். 2007-ல் பிலிப்ஸ் நிறுவனம் கலர் கைனடிக்ஸை ஏறத்தாழ 79 கோடி டாலருக்கு வாங்கியது. கம்பெனிக்கு இருந்த பெரிய சொத்து கட்டடமோ இயந்திரமோ இல்லை, இந்த மாதிரிக் காகிதங்கள். அதன் பிறகு எல்.இ.டி. விளக்கு செய்கிறவர்கள் பிலிப்ஸிடம் உரிமம் வாங்குவதற்கென்று தனித் திட்டமே நடந்தது.

அந்த வருஷங்களில் பொழுதுபோக்காக இதே சர்க்யூட்டைச் செய்து வரைபடத்தோடு எல்லோருக்கும் வெளியிட்டவர்கள் எத்தனையோ பேர். மூன்று மாஸ்ஃபெட், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பத்து வரி புரோகிராம். வீட்டில் எரிப்பவரை யாரும் தேடி வரவில்லை. பெட்டியில் போட்டு விற்கலாமா என்று யோசித்தவர்களுக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் என்ற கணக்கில் அந்த அடிப்படைக் காப்புரிமை 2017-ல் காலாவதியானது. தவிர அது அமெரிக்கக் காப்புரிமை, அந்த நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். சந்தன்நகர்ப் பையன் தப்பித்தார்.

போர்டில் இருந்த சிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நார்வேயில் ட்ரோண்ட்ஹெய்மில் ஆல்ஃப் எகில் போகன், வெகார்ட் வொல்லான் என்ற இரண்டு மாணவர்கள் போட்ட வடிவம், அட்மெல் நிறுவனம் 1996 முதல் ஏ.வி.ஆர். என்ற பெயரில் கொண்டுவந்தது. புரோகிராமை அழித்து அழித்து எழுதலாம், அதுதான் அதன் பெருமை. 2016-ல் அட்மெலை மைக்ரோசிப் வாங்கிவிட்டது. சிப்பை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ரசீது இருக்கிறது. முடிந்தது.

என்னைத் தூங்க விடாமல் செய்தது அடுத்த வரவுதான்.

மகள் எழுதிய புரோகிராமில் நிறத்தை மாற்றும் வரிகளெல்லாம் ஒரே கட்டளையில் தொடங்கின: அனலாக்ரைட். இந்தக் காலை இவ்வளவு பிரகாசத்தில் வை என்று அர்த்தம். சிப்புக்குள் எந்த ரிஜிஸ்டரில் எந்த பிட்டை மாற்ற வேண்டும் என்ற தலைவலியெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அது இருப்பதால்தான் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் சந்தன்நகர்ப் பையனும் எழுத முடிகிறது. இதை யோசித்தது யார்? ஆர்டுயினோ என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நோட்டில் எழுதியிருந்தேன். பிறகு அடிக்க வேண்டி வந்தது.

இத்தாலியின் வடக்கே இவ்ரேயா என்று ஒரு சின்ன ஊர். டைப்ரைட்டர் செய்த ஒலிவெட்டி கம்பெனியின் ஊர். (எங்கள் தலைமுறையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.) அங்கே 2001-ல் ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கினார்கள். கலையும் வடிவமைப்பும் படிக்க வந்த மாணவர்கள் விளக்கையும் மோட்டாரையும் இயக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு அப்போது கிடைத்த பேசிக் ஸ்டாம்ப் போன்ற போர்டுகள் விலை அதிகம், சக்தி குறைவு. கொலம்பியா நாட்டிலிருந்து வந்திருந்த ஹெர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் 2003-ல் தன் முதுகலை ஆய்வுக்காக இதை எடுத்துக்கொண்டார். படம் வரையும் கலைஞர்களுக்காக ஏற்கெனவே இருந்த ப்ராசஸிங் என்ற மென்பொருளை அடிப்படையாக வைத்து, ஒரு போர்டு, அதற்கு எளிய மொழி, எழுதி ஏற்றுவதற்கு ஒரு ஜன்னல் என்று மொத்தமாகச் செய்தார். பெயர் ஒயரிங். மகள் எழுதிய அந்தக் கட்டளை, பின்மோட், டிஜிட்டல்ரைட் எல்லாமே ஒயரிங்கில் பிறந்தவை. அவருக்கு வழிகாட்டிகள் இருவர்: மாசிமோ பான்ஸி, ப்ராசஸிங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான கேசி ரியாஸ்.

ஒயரிங் ஓபன் சோர்ஸாக வெளியானது. 2005-ல் அதே வழிகாட்டி பான்ஸி, டேவிட் மெல்லிஸ், டேவிட் குவார்தியெல்லஸ் முதலியவர்களோடு சேர்ந்து ஒயரிங்கின் புரோகிராமை எடுத்து, விலை மலிவான ஏ.டி.மெகா8 சிப்புக்கு ஏற்றபடி மாற்றி, தனித் திட்டமாக நடத்த ஆரம்பித்தார். பிறகு டாம் இகோவும், போர்டுகளைத் தயாரித்த ஜியான்லூகா மார்டினோவும் சேர, ஐந்து பேர். பான்ஸி வழக்கமாகப் போகும் பாரின் பெயரையே வைத்தார்கள். 1002-ல் இத்தாலிக்கு ராஜாவான அர்டுயின் பெயர் கொண்ட பார் அது. பர்ரகானைக் கூப்பிடவில்லை.

சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று சொல்லித்தானே வெளியிட்டார். மலிவு சிப், அழகான விளக்கம், விடாத உழைப்பு, இதெல்லாம் அந்த ஐவரின் பங்கு. ஆர்டுயினோ உலகத்தையே பிடித்ததற்கு அதுதான் காரணம். ஆனாலும் வங்கியில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன நோட்டை யார் தயாரித்தது, யார் வாசித்தது என்பது வேறு வேறு என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். 2016-ல் பர்ரகான் தன் பக்கத்துக் கதையை, சொல்லப்படாத வரலாறு என்றே தலைப்பு வைத்து, தேதிகளோடும் ஆதாரங்களோடும் எழுதினார். பணம் கேட்டு இல்லை. தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதற்காக. மகளிடம் இதைச் சொன்னபோது, "ஸ்கூல் ப்ராஜெக்ட்ல கூட இப்படித்தான்ப்பா நடக்குது" என்றாள்.

ஐவருக்குள்ளேயும் சண்டை வராமல் இல்லை. தயாரிப்பாளரின் கம்பெனி இத்தாலியில் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. மற்ற நால்வரின் கம்பெனி அமெரிக்காவில். 2015-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி, ஒரு தரப்பு அமெரிக்காவுக்கு வெளியே ஜெனுயினோ என்று வேறு பெயரில் விற்க வேண்டிய நிலை. 2016 அக்டோபரில் சமாதானம் ஆனார்கள். இதை எழுதும் நேரத்துக்குள் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபரில் குவால்காம் நிறுவனம் ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தது.

இந்த இடத்தில்தான் என் பி.காம். மூளைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. போர்டின் வரைபடம் யாரும் செய்துகொள்ளலாம் என்ற உரிமத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் சின்னம், அதைத் தொடக் கூடாது. நாங்கள் சாந்தினியில் வாங்கிய நீல போர்டு அதனால்தான் திருட்டுச் சரக்கு இல்லை, ஆனால் அதில் அந்தப் பெயர் அச்சாகியிருந்தால் திருட்டு. சொத்து வேறு, குட்வில் வேறு. இரண்டாம் வருஷம் கணக்குப் பதிவியல் பேப்பரில் படித்ததுதான்.

பையன் செய்வது எங்கள் வீட்டு ஸ்ட்ரிப் இல்லை. அது முழுதும் ஒரே நிறத்தில்தான் எரியும். மயில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு பிக்சல் ஸ்ட்ரிப். சீனாவின் வேர்ல்ட்செமி கம்பெனியின் டபிள்யூ.எஸ்.2812 என்ற வகை பிரபலம். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குட்டி சிப். ஒரே ஒரு ஒயரில் எல்லா விளக்குக்குமான தகவல் வரிசையாக வரும். முதல் விளக்கு தனக்கு வேண்டிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடும். பந்தியில் சாம்பார் வாளியைக் கை மாற்றுவது போல. ஆனால் வேகம்? விநாடிக்கு எட்டு லட்சம் பிட். ஒரு பிட்டுக்கு ஒன்றேகால் மைக்ரோ விநாடி. எங்கள் 16 மெகாஹெர்ட்ஸ் போர்டுக்கு அது இருபதே இருபது துடிப்பு. கொஞ்சம் தடுமாறினால் ஒன்று பூஜ்யமாகி, மயிலுக்குப் புலி நிறம் வந்துவிடும். அதை இருபது துடிப்புக்குள் அடக்கி எழுதுவது என் மகளாலோ அந்தப் பையனாலோ ஆகிற காரியம் இல்லை.

அதை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது ஃபாஸ்ட்எல்.இ.டி. என்ற லைப்ரரி. பையன் பயன்படுத்துவதும் அதுதான். டேனியல் கார்ஸியா என்பவர் ஆரம்பித்தது. மார்க் கிரீக்ஸ்மன் பிறகு சேர்ந்து நிறங்களின் நயத்தைக் கூட்டினார். எத்தனையோ வகை ஸ்ட்ரிப், எத்தனையோ வகை சிப், எல்லாவற்றுக்கும் இலவசம். எம்.ஐ.டி. உரிமம், அதாவது உரிமைக் குறிப்பை மட்டும் நீக்காதே, மற்றபடி விற்றுக்கூடக் கொள் என்பது. கார்ஸியாவைப் பற்றித் தேடப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, கலிபோர்னியா கரைக்கு அப்பால் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற படகு தீப்பிடித்தது. கடலில் முக்குளிக்கப் போனவர்கள் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர்.

லைப்ரரி நிற்கவில்லை. மற்றவர்கள் இன்றும் அதைப் பராமரித்து வருகிறார்கள். வங்கியில் ஒருவர் இறந்தால் கணக்கு முடங்கும், நாமினி வர வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வர வேண்டும். இங்கே எதுவும் முடங்கவில்லை. அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, அவர் கேள்விப்பட்டே இருக்க வாய்ப்பில்லாத ஒரு ஊரில், அவர் எழுதிய வரிகளை நம்பி ஒரு பையன் 8 லட்சம் கடன் கேட்கிறான்.

ஆறாம் நாள் விளக்கம் எழுதினேன். வண்ணக் கலவை பற்றிய அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது, எண் இன்னது. போர்டு வடிவம் திறந்த உரிமம், நகல் இணைப்பு. லைப்ரரி திறந்த உரிமம், நகல் இணைப்பு. வணிகச் சின்னம் எதையும் மனுதாரர் பயன்படுத்தவில்லை, பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழி இணைப்பு. விளக்குப் பலகைகளின் உருவங்களும் ஓட்டமும் மனுதாரருடையவை, மனுதாரரின் தந்தையிடமிருந்து வந்தவை. பர்ரகான் பெயரையும் கார்ஸியா பெயரையும் எங்கேயாவது சேர்க்க வேண்டும் போலிருந்தது. படிவத்தில் இடமில்லை. கடைசியில் தொழில்நுட்பத்தின் தோற்றம் என்று ஒரு பாரா எழுதி அதில் இருவரையும் நுழைத்துவிட்டேன். அதைப் படித்து மேலே என்ன நினைத்தார்களோ, துர்கா பூஜை விடுமுறைக்கு முன் சாங்ஷன் வந்தது.

நவம்பரில் ஜகத்தாத்ரி ஊர்வலம் பார்க்கக் குடும்பத்தோடு சந்தன்நகர் போனோம். கூட்டம் என்றால் நம் கும்பமேளா மகாமகம் எல்லாம் தோற்கும் கூட்டம். பையன் தன் லாரி பக்கம் எங்களை இழுத்துப் போனார். முதலில் பதற்றம். ஒரு பலகையில் சிவப்புச் செம்பருத்தி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இந்த வகை ஸ்ட்ரிப் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் கேட்காது, பச்சையைத்தான் முதலில் கேட்கும். அவசரத்தில் ஒரு இடத்தில் மாற்ற மறந்திருக்கிறார். என் மகள் தெரிந்த பெரிய மனுஷி போல "ஜி.ஆர்.பி., தாதா" என்றாள். மூன்று எழுத்தை மாற்றினார், பூ சிவந்தது.

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோகை விரிந்தது, மடிந்தது, மறுபடி விரிந்தது. எங்களுக்கெல்லாம் பிரமாதம்.

"மூணாவது இறகு தாமதம்" என்றார் மகனிடம்.

பையன் லேப்டாப்பைத் திறந்து ஒரு எண்ணைக் குறைத்தார். பெரியவர் இன்னொரு சுற்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டினார்.